அயலார் பாடமன்று: யூதவியல் பற்றி ஒரு மறுப்பு

யூதர்களின் வரலாறு, பண்பாடு, சமயம் ஆகியவற்றைக் கல்லூரியில் பாடமாக வைப்பது தமிழ்நாட்டு மாணவர் தலையில் வேண்டாத சுமையை ஏற்றுவதாகும் என்ற கருத்து, படித்தவர் நடுவில் மறுப்பாரின்றி நிலவிவருகிறது. தமிழகத்தில் யூதர் வாழ்ந்ததில்லை, ஆதலால் அவர்கள் வரலாறு அயலார் வரலாறு என்பது அக்கருத்தின் முதல் கூறு. அவர்களைப் பற்றி அறிய வேண்டியவற்றைக் கிறித்தவ இறையியல் ஏற்கெனவே கற்பித்துவிடுகிறது என்பது இரண்டாவது. யூதரைப் படிப்பது இஸ்ரேல் அரசுக்குப் பரிந்து பேசுவதில்தான் போய் முடியும் என்பது மூன்றாவது. வேலை வாங்கித் தராத படிப்பு என்பது நான்காவது. யூதவியல் என்பது யூத மக்களின் வரலாற்றையும் நூல்களையும் மொழிகளையும் வழிபாட்டையும் ஒருங்கே ஆராயும் துறை. அதற்கும் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் ஆகிய ஊர்களுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை ஏளனமாகக் கேட்பவர்கள், அக்கேள்விக்கு உண்மையிலேயே விடை உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

முதல் கூறிலிருந்து தொடங்கலாம். தமிழகம் என்பது 1956இல் மொழிவழி மாநிலங்களுக்காக வரையப்பட்ட எல்லைக்கோடு மட்டும் அன்று. சங்கப் பாடல்கள் அறிந்த தமிழகத்தில் சேரநாடும் அடங்கும். அச்சேரநாட்டில், கி.பி. 1000ஐ ஒட்டிய காலத்தில், பாஸ்கர ரவிவர்மன் என்ற அரசன் முயிரிக்கோட்டில் இருந்தபோது யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு ஒரு செப்பேடு வழங்கினான். இன்றும் கொச்சி யூதர்களின் உடைமையாகப் போற்றப்படும் அச்செப்பேடு வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துக் கலந்து எழுதப்பட்டது. அதன் மொழி தமிழிலிருந்து மலையாளம் முற்றாகப் பிரியாத காலத்து மேலைக்கரை வழக்காதலால், கல்வெட்டியல் பயின்ற தமிழ் மாணவர் அதைத் தம் பயிற்சி கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் 72 வீடுபேறுகளும், அதாவது சிறப்புரிமைகளும், பரம்பரை உரிமையாகத் தரப்பட்டதை அது கூறுகிறது. அஞ்சுவண்ணம் என்பது யூதர், கிறித்தவர், முஸ்லிம்கள் எனக் கடல்கடந்து வந்த மேற்காசிய வணிகரின் குழுவைக் குறித்த பெயர் என்று ஆய்வாளர் கொள்வர்; தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் அப்பெயர் வருகிறது.

அந்த உரிமைகளின் பட்டியலில் காணப்படும் சொற்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்: பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம் என்ற பல்லக்கு, குடை, வடுகப்பறை, காளம் என்ற ஊதுகருவி, தோரணம், தோரண விதானம். இவற்றுள் பாவாடை என்பது இன்று வழங்கும் பெண்களின் உடையன்று. பெருமைக்குரியவர் நடந்து வரும் வழியில் விரிக்கப்படும் துணி. திருவரங்கத்தின் வீதியில் நம்பெருமாள் புறப்பாடு கண்டவருக்குக் குடையையும் பல்லக்கையும் தோரணத்தையும் பட்டப்பகலில் ஏந்திய விளக்கையும் விளக்கிச் சொல்ல அகராதி வேண்டியதில்லை. அரசனுக்கும் தெய்வத்துக்கும் உரிய மரியாதைகளை ஒரு யூதருக்கு இந்த மண்ணின் சொற்களில் எழுதிக் கொடுத்த ஆவணம் அது. இதனை அயலார் வரலாறு என்று ஒதுக்குபவர் சேர வரலாற்றின் ஓர் ஏட்டையே கிழித்தெறிகிறார்.

இச்செப்பேட்டுக்கும் முந்தைய சான்று கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வேணாட்டு அய்யனடிகள் வழங்கிய செப்பேடுகள். அவற்றில் சாட்சியாகக் கையொப்பமிட்ட மேற்காசியருள் 11 பேர் அரபியிலும் 10 பேர் பாரசீகத்தின் பழைய வடிவமான பகலவியிலும் 4 பேர் யூத-பாரசீகத்திலும், அதாவது எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். ஒரு கிறித்தவத் தேவாலயத்துக்கு இந்து ஆட்சியாளர் தந்த கொடைக்கு முஸ்லிமும் சொராட்டிரியரும் யூதரும் சாட்சி நின்ற இந்த ஓர் ஆவணத்தை முழுமையாகப் படிக்க வேண்டுமானால் வட்டெழுத்து மட்டும் போதாது. கேரளத்துச் சேந்தமங்கலத்தில் கிடைத்த, இந்தியாவின் மிகப் பழைய எபிரேயக் கல்லறைக் கல் சாரா என்ற பெண்ணுடையது. அதன் ஆண்டு கி.பி. 1269. இனி, 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது ஆல்டர்மென் எனப்பட்ட அதன் உறுப்பினராக அமர்ந்தவருள் யூத வணிகரும் இருந்தனர். கோல்கொண்டா வைரத்தை வாங்கி ஏற்றுமதி செய்து, மத்தியதரைக்கடல் பவளத்தை இங்கே கொண்டுவந்து விற்ற வணிகத்தின் நினைவைப் பவளக்காரத் தெரு என்ற பெயர் இன்றும் சுமக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1910இல் சத்தியாக்கிரகக் குடும்பங்களுக்குப் புகலிடமாக டால்ஸ்டாய் பண்ணையின் நிலத்தை ஈந்த எர்மன் காலன்பாக் ஒரு யூதர். அங்கே தங்கிய குடும்பங்களில் பல தமிழ்க் குடும்பங்கள்.

இவ்விடத்தில் வேறு சிலர் இதற்கு எதிர்த்திசையில் வழுக்குவதையும் கண்டிக்க வேண்டும். தொடர்பே இல்லை என்பது ஒரு பிழையானால், எல்லாமே தொடர்புதான் என்பது அதைவிடப் பெரிய பிழை. அரசன் சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்தவற்றுள் எபிரேய நூல் குறிப்பிடும் துக்கி என்ற சொல் தமிழ்த் தோகையிலிருந்து வந்தது என்ற கருத்தை 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் பரப்பியது. அக்கருத்து தள்ளத்தக்கதன்று; ஆனால் அச்சொல்லை எகிப்திய மொழியோடு இணைத்துக் குரங்கு என்று பொருள் கொண்டவரும் உளர். இந்த ஒற்றைச் சொல்லை வைத்து எபிரேயமே தமிழின் கிளை என்று முழங்குவோரும், திருச்சி மாவட்டத்துக் காவிரிக்கரை முசிறியையும் சேரநாட்டுக் கடற்கரை முசிறியையும் பெயரொற்றுமை கொண்டு ஒன்றாக்குவோரும் உருவாவதற்குக் காரணம், துறை முறையாகக் கற்பிக்கப்படாமைதான். பாடம் இல்லாத இடத்தில் கட்டுக்கதை குடியேறும்.

இரண்டாவது கூறு மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வலுவுடையதாகத் தோன்றும். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரி, பிஷப் ஹீபர் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி ஆகியவை இருக்கும் ஊரில் மோசேயையும் தாவீதையும் அறியாதவர் யார் என்று கேட்கப்படலாம். வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே போதும் என்பர்: ஒரு கல்லூரியில் ஆபிரகாம், யோசேப்பு, மோசஸ், டேவிட் என்றும், 1951இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரியில் இப்ராகிம், யூசுப், மூசா, தாவூது என்றும் அதே பெயர்கள் அழைக்கப்படுகின்றன, வளனார் என்பதே யூதத் தச்சர் ஒருவருக்குத் தமிழில் சூட்டப்பட்ட பெயர். ஆனால் இந்தப் பழக்கமே அறியாமைக்குப் போர்வையாக அமைந்துவிட்டது. பழைய ஏற்பாடு என்ற பெயர் கிறித்தவர் இட்டது. புதியது ஒன்று வந்துவிட்டது என்ற தீர்ப்பு அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. யூதர் தம் மறைநூலைத் தனாக் என்பர். தோரா என்ற சட்டநெறி நூல்கள், இறைவாக்கினர் நூல்கள், பிற எழுத்துகள் என்ற மூன்று பகுதிகளின் முதலெழுத்துகளால் ஆன சொல் அது. அவர்கள் கணக்கில் நூல்கள் 24. சீர்திருத்தச் சபையார் அதே நூல்களைப் பிரித்து 39 என்பர். கத்தோலிக்கர் மேலும் சில சேர்த்து 46 என்பர். எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம். கிறித்தவ வரிசை மலாக்கியின் இறைவாக்கோடு முடிந்து வரப்போகும் ஒருவரை எதிர்நோக்குகிறது; யூத வரிசை குறிப்பேடு என்ற வரலாற்று நூலோடு முடிந்து எருசலேமுக்குத் திரும்பச் சொல்லும் அழைப்பில் நிற்கிறது. முடிவு மாறினால் கதை மாறும் என்பது காப்பியம் படித்த மாணவருக்குத் தெரியாததன்று.

கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி, தமிழ் மரபுப்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் கொண்டு யூதேயாவையும் எருசலேமையும் பாடுகிறது. அந்த யூதேயா வறண்ட மலைநாடு அன்று, காவிரிப் படுகையின் மருத வளம் உடுத்திய நாடு. இலக்கியத்தில் இது பேரழகு. ஆனால் வரலாற்றில் இதையே அறிவாகக் கொள்ள முடியாது. மேலும், இயேசுவின் காலத்துக்குப் பிந்தைய யூதர் தமிழ்க் கிறித்தவப் பாடத்தில் ஏறக்குறைய மறைந்தே போகின்றனர். மேடைப் பேச்சில் வெளிவேடக்காரர் என்பதற்கு மறுபெயராக வழங்கும் பரிசேயர், உண்மையில் எழுத்து மறையோடு வாய்மொழி மரபையும் போற்றியவர்கள். பிற்கால யூத சமயமே அவர்கள் வழியில் வளர்ந்தது. இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் குற்றம் சாட்டும் பழக்கத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையே 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மறுத்துவிட்டது. ஆகவே, இறையியல் போதும் என்பவர், அவ்விறையியல் தானே திருத்திக்கொண்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

யூதத்தின் உள்ளீடு பிற்காலத்து நூல்களில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளத் திருவரங்கத்தைவிடத் தகுந்த வாசல் இந்தியாவில் அரிது. கி.பி. 70இல் உரோமப் படை எருசலேம் கோயிலை அழித்தது. முற்றுகையிடப்பட்ட நகரிலிருந்து யோகனான் பென் சக்காய் என்ற ஆசான், இறந்தவர்போலச் சவப்பெட்டியில் கிடந்து, சீடர் தோளில் வெளியேறி, யாவ்னே என்ற சிற்றூரில் கல்விக்கூடம் அமைக்க உரோமரிடம் இசைவு பெற்றார் என்பது யூத மரபு. கி.பி. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தில் புகுந்தபோது, முதியவரான சுதர்சன சூரி தாம் எழுதிய சுருதப்பிரகாசிகை என்ற உரையையும் தம் பிள்ளைகளையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்ததாகவும், தேசிகர் சுவடியோடு பிணங்களுக்கு நடுவே பிணம்போலக் கிடந்து தப்பியதாகவும் வைணவ மரபு கூறும். பிள்ளை உலகாசிரியர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வெளியேறிச் சோதிஷ்குடியில் உயிர் துறந்தார். பெருமாள் பல ஊர்களில் மறைந்திருந்து, 1371இல் கோபணாரியர் முயற்சியால் மீண்டார். அந்த இடைவெளி 48 ஆண்டு. முதல் எருசலேம் கோயில் கி.மு. 586இல் பாபிலோனியரால் இடிக்கப்பட்டதற்கும், கி.மு. 538இல் பாரசீக மன்னன் சைரஸ் யூதரைத் திரும்ப அனுமதித்ததற்கும் இடைப்பட்ட காலமும் 48 ஆண்டு. எண் ஒத்திருப்பது தற்செயல்; அதில் மறைபொருள் தேடுவது வீண்.

ஒற்றுமையைவிட வேற்றுமையே கல்விக்குப் பயன்படுவது. திருவரங்கத்துக்குப் பெருமாள் திரும்பினார், கோயில் தொடர்ந்தது, உரைமரபு கோயிலோடு சேர்ந்து வளர்ந்தது. எருசலேமின் இரண்டாம் கோயில் மீண்டும் எழவே இல்லை. அதனால் ஒரு சமயம் முழுவதும் பலிபீடத்திலிருந்து படிப்புக்கு இடம்பெயர வேண்டியிருந்தது. கி.பி. 200ஐ ஒட்டி யூதா என்ற தலைவர் தொகுத்த மிஷ்னா என்ற சட்டத் தொகுதி, இல்லாமற்போன கோயிலின் மண்டப அளவுகளையும் நிகழாத பலிகளின் முறைகளையும் விரிவாகப் பேசுகிறது. அதன்மேல் எழுந்த வாதப் பிரதிவாதங்களின் கடலே தால்மூத். அச்சிட்ட தால்மூத்தின் ஒரு பக்கத்தில் நடுவே மூலமும், ஒருபுறம் பிரான்சு நாட்டு ராசியின் (1040–1105) உரையும், மறுபுறம் அவருக்குப் பின்வந்தோர் எழுப்பிய தடைவிடைகளும் இருக்கும். திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி தொடங்கி நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி வரை அடுக்கடுக்காக எழுந்த உரைகளை அறிந்தவருக்கு அந்தப் பக்கத்தின் அமைப்பு புதிதன்று. அரிய எபிரேயச் சொல்லுக்கு ராசி தம் ஊர்ப் பிரெஞ்சுச் சொல்லை எபிரேய எழுத்திலேயே எழுதிப் பொருள் சொல்வார். மணிப்பிரவாளத்தில் வளர்ந்த உரைமரபினருக்கு அதன் தேவை உடனே விளங்கும்.

இவ்வொப்பீடு வெறும் கற்பனையும் அன்று. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஹாயிம் ராபின் 1973இல் எபிரேய மறைநூலின் இனிமைமிகு பாடலைச் சங்க அகப்பாடல்களோடு ஒப்பிட்டு எழுதினார். ஆபிரகாம் மரியசெல்வம் அதே பொருளை விரிவாக ஆராய்ந்த நூல் 1988இல் உரோமில் வெளிவந்தது. காதலர் இருவரின் பேச்சாக அமைந்த அப்பாடலைக் கடவுளுக்கும் இஸ்ரவேல் மக்களுக்கும் இடையிலான அன்பாக யூத ஆசான்கள் விளக்கினர். நாச்சியார் திருமொழிக்கும் நம்மாழ்வாரின் மகள் பாசுரங்களுக்கும் வைணவ உரையாசிரியர் செய்ததும் இதுவே. ஆண்டாள் அரங்கனைச் சேர்ந்த ஊரில் இவ்விரு மரபையும் பக்கத்தில் வைத்துப் படிக்கக்கூடாது என்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

மூன்றாவது கூறே இன்று மிகுந்த வேகத்தோடு எழுப்பப்படுகிறது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலும், அதன்பின் காசாவில் பல்லாயிரவர் உயிரைக் குடித்த போரும் யூதர் என்ற சொல்லையே வழக்கு மேடைக்கு இழுத்துவிட்டன. ஆனால் யூதம் என்பது ஒரு சமயமும் மக்களும்; சியோனியம் என்பது 1897இல் பாசெல் மாநாட்டில் உருப்பெற்ற அரசியல் இயக்கம்; இஸ்ரேல் என்பது 1948இல் எழுந்து, அதே காலத்தில் பாலத்தீனர் பல இலட்சம் பேர் வீடிழந்ததற்கும் பொறுப்பேற்க வேண்டிய ஓர் அரசு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழைப்பவர் இரு தரப்பிலும் உள்ளனர். அக்குழப்பத்தைத் தீர்ப்பதற்குப் படிப்பைத் தவிர வேறு மருந்தில்லை. காந்தியார் 1938இல் பாலத்தீனம் அரபியருக்கு உரியது என்று எழுதியபோது, அதற்கு மறுமொழி எழுதிய மார்ட்டின் பூபர் என்ற யூத மெய்யியலாளரே அந்நாட்டில் அரபியரும் யூதரும் சேர்ந்து வாழும் அமைப்பை வேண்டியவர். இதையெல்லாம் கற்ற மாணவர் எந்த அரசுக்கும் கொடிபிடிப்பவராக மாட்டார். கற்காதவரே எளிதில் அப்படி மாறுவார்.

கற்காமையின் விளைவு தமிழ்ச் சூழலில் கண்கூடு. கண்டிப்பான தந்தையையும் கறாரான ஆசிரியரையும் ஹிட்லர் என்று செல்லமாக அழைப்பதும், 1982இல் ஹிட்லர் உமாநாத் என்று திரைப்படத்துக்குப் பெயரிட்டதும், ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றழித்த ஆட்சியின் பெயரை நகைச்சுவையாக்கிக்கொண்ட சமூகத்தின் அடையாளம். உலகையே யூதர் இரகசியமாக ஆள்கின்றனர் என்ற பழைய ஐரோப்பியப் பொய் கைப்பேசி வழியே தமிழில் புழங்குவதும், மறுபக்கம் யூதரைப்போல் இரு என்று புலம்பெயர்ந்த தமிழருக்கு அறிவுரை கூறுவதும் ஒரே அறியாமையின் இரு கிளைகள். கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் ஈழத்தமிழர் முகாம்களைக் கொண்ட திருச்சியில், புலம்பெயர் இலக்கியம் பாடமாகியுள்ள காலத்தில், அத்துறையின் அடிப்படைக் கருத்தான சிதறிவாழ்தல் என்பதற்கு உலக மொழிகளில் வழங்கும் டயஸ்போரா என்ற கிரேக்கச் சொல், எபிரேய மறைநூலின் கிரேக்க மொழிபெயர்ப்பு வழியே யூதரின் சிதறலைக் குறிக்க நிலைபெற்றது என்பதைக்கூடச் சொல்லாமல் விடுவது கல்வியாகாது.

நான்காவது கூறுக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. வேலை ஒன்றே அளவுகோலானால் கல்வெட்டியலும் அகப்பொருள் இலக்கணமும் அதே வாசலில் தடுக்கப்படும். கலைக் கல்லூரி தருவது ஊதியம் அன்று, ஊதியத்துக்கும் உதவும் நுண்மை. ஒரு வரிக்கு ஐந்து உரையைப் படித்து எது பொருந்தும் என்று வழக்காடிப் பழகியவர் எந்தப் பணியிலும் தோற்பதில்லை.

புதிதாகப் பல்கலைக்கழகம் கட்ட யாரும் கேட்கவில்லை. திருச்சியின் முன்னணிக் கல்லூரிகள் பல தன்னாட்சி பெற்றவை. ஒரு பருவத்துக்கு ஒரு விருப்பப்பாடத்தை அவற்றின் பாடத்திட்டக் குழுக்களே வகுத்துவிட முடியும். மங்களூரில் 1132 முதல் 1149 வரை வாழ்ந்து வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜு என்ற துனிசிய யூதரின் கடிதங்கள், கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்பதற்காக யூதர் ஒதுக்கிவைத்த கெனிசா என்ற சேமிப்பறையில், எகிப்தின் பழைய கெய்ரோவில் கிடைத்தன. அவை பெரிதும் அரபி மொழியில், எபிரேய எழுத்தில் எழுதப்பட்டவை. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழை அறிந்த சமூகத்துக்கு இந்த ஏற்பாடு வியப்பளிக்காது. ஜமால் முகமது கல்லூரியில் அரபி பயிலும் மாணவர் எபிரேயத்தின் 22 எழுத்துகளைக் கற்றால் அக்கடிதங்களின் வாசலுக்கு வந்துவிடுவார். வரலாறு பயிலும் மாணவர் வட்டெழுத்தோடு வருவார். திருவரங்கத்தின் உரைமரபில் தோய்ந்தவர் தால்மூத்தின் பக்கத்துக்கு உரிய பொறுமையோடு வருவார். ஓர் ஊரிலேயே இம்மூவரும் இருக்கிறார்கள். ஒரே வகுப்பில் அமரத்தான் இல்லை.

தமிழையும் தென்னிந்திய மரபுகளையும் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்து, 2016இல் தமிழ் மொழியின் வரலாற்றை ஒரு வாழ்க்கை வரலாறாக எழுதிய டேவிட் ஷுல்மன் எருசலேமின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். தமிழ் நமக்கு அயல்மொழி என்று அங்கே யாரும் வாசலை அடைக்கவில்லை. யோசேப்பு ரப்பானுக்குத் தந்த உரிமைகள் உலகும் சந்திரனும் உள்ளளவும் நிலைக்கும் என்று அரசன் செப்பேட்டில் எழுதினான். உரிமை பெற்றவரின் வழியினர் 1948க்குப் பின் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடியேறிவிட்டனர். அவர்களுக்கு எழுதிக் கொடுத்த எழுத்தைப் படிக்கக்கூடியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். படிப்பது இவர்கள் கடமை.